ஆப்பிரிக்க நகரங்களுக்கு இடையே பயண நேரம்: அட்டவணையில் சேர்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் பயண இணைப்பிதழில், ஆப்பிரிக்காவின் பெருநகரங்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் விமானப் பயண நேரத்தையும் அட்டவணையாக வெளியிட்டிருந்தீர்கள். ஆப்பிரிக்காவைப் பற்றித் தமிழில் எழுதப்படுவது பெரும்பாலும் வனவிலங்குச் சுற்றுலாவோடு நின்றுவிடுகிறது. அங்கே வேலைக்காகவும் வணிகத்துக்காகவும் மக்கள் நகரம் விட்டு நகரம் பறக்கிறார்கள் என்பதை மனத்தில் கொண்டு ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கியதற்கு நன்றி. நைரோபியில் வசித்து, மருத்துவக் கருவிகளைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் கண்டத்தின் பல நகரங்களுக்குப் போய்வரும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், அந்த அட்டவணையை வரி விடாமல் படித்தேன். கிலோமீட்டர் கணக்கில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் 'பயண நேரம்' என்ற தலைப்பின் கீழ் உள்ள மணிக்கணக்கு, தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்து எழுதியது என்பது பார்த்தவுடனேயே தெரிகிறது. அந்த எண்ணை நம்பி ஒருவர் ஒரு கூட்டத்துக்கு நாள் குறித்தாலோ, ஒரு மருத்துவமனைக்கு இன்ன நேரத்தில் வந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தாலோ, அந்த வாக்கைக் காப்பாற்றுவது அவர் கையில் இருக்காது. ஆப்பிரிக்காவில் இரண்டு நகரங்களுக்கு இடையே உள்ள பயண நேரத்தைக் கிலோமீட்டர் முடிவு செய்வதில்லை. அந்தப் பாதையில் விமானம் ஓடுகிறதா, ஓட அனுமதி இருக்கிறதா என்பதே முடிவு செய்கிறது. இதை விளக்கவும், அடுத்த அட்டவணையில் எதைச் சேர்க்கலாம் என்று கேட்டுக்கொள்ளவுமே இக்கடிதம்.

முதலில் வகுத்தல் கணக்கையே எடுத்துக்கொள்வோம். லாகோஸுக்கும் நைரோபிக்கும் இடையே உள்ள நேர்கோட்டுத் தூரம் சுமார் 3,800 கிலோமீட்டர். நேர்கோடு என்று சொன்னாலும், அது உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வளைவு. ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 850 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் என்பதால், வகுத்துப் பார்த்தால் நாலேகால் அல்லது நாலரை மணி நேரம் வரும். உண்மையில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேலாகிறது. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல் மறுமுனையில் நிற்கும் வரை உள்ள நேரத்தையே விமான நிறுவனங்கள் அட்டவணையில் போடுகின்றன. ஓடுபாதைக்குப் போகும் நேரம், மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் வேகம் குறைவாக இருக்கும் நேரம், நேர்கோட்டை விட்டு விலகி வகுக்கப்பட்ட வான்பாதையில் செல்லும் கூடுதல் தூரம் ஆகியவை எல்லாம் அதில் அடக்கம். தூரம் குறையக் குறைய இந்தப் பிழை பெரிதாகிறது. அக்ராவுக்கும் அபிஜானுக்கும் இடையே சுமார் 420 கிலோமீட்டர்தான். வகுத்தால் அரை மணி நேரம், பயணச்சீட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். தங்கள் அட்டவணையில் குறுந்தூர வரிசைகள் பலவற்றில் இப்படிப் பாதி நேரமே அச்சாகியிருக்கிறது.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டிய பாதைகள் சில உண்டு. கெய்ரோவிலிருந்து காசாபிளாங்காவுக்கு 3,700 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மேற்கு நோக்கிப் போகும்போது, வட ஆப்பிரிக்காவின் மேல் குளிர்காலத்தில் வலுவாக வீசும் மேல்காற்று எதிர்க்காற்றாகிறது. திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆகவே போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. நிலநடுக்கோட்டுப் பகுதியில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை. அங்கே இடிமேகங்களைச் சுற்றிப் போவதுதான் விமானியின் வேலை. மேற்கு ஆப்பிரிக்காவில் நவம்பர் முதல் மார்ச் வரை சகாராவிலிருந்து வீசும் ஹர்மட்டான் என்னும் புழுதிக் காற்று, பார்வைத் தூரத்தைக் குறைத்து, லாகோஸ், அக்ரா போன்ற இடங்களில் விமானங்களைத் தரையிலேயே நிறுத்திவிடும். இவை நாளுக்கு நாள் மாறுபவை என்பதால் அட்டவணையில் போட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நேர மண்டலத்தைப் போட முடியும். போடாததால் வாசகர்கள் குழம்புவார்கள். லாகோஸ் நேரத்தைவிட நைரோபி நேரம் இரண்டு மணி முன்னால் ஓடுகிறது. லாகோஸில் நண்பகலில் ஏறினால் நைரோபியில் இறங்கும்போது கடிகாரம் மாலை ஏழைத் தாண்டியிருக்கும். திரும்பும்போதோ காலை எட்டு மணிக்குக் கிளம்பி, பதினொரு மணி வாக்கில் லாகோஸில் இருக்கலாம். சீட்டில் அச்சிட்டிருக்கும் இரண்டு நேரங்களைக் கழித்து, 'போவதற்கு ஏழு மணி நேரம், வருவதற்கு மூன்று மணி நேரம்' என்று கணக்கிடுபவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். மேற்கே கேப் வெர்டியிலிருந்து கிழக்கே மொரீஷியஸ் வரை ஐந்து மணி நேர வித்தியாசம் இருக்கிறது. அதோடு, இந்த நேரங்கள் நிலையானவையும் அல்ல. தெற்கு சூடான் 2021 பிப்ரவரி 1 அன்று தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியது. அதற்கு முன் நைரோபியோடு ஒரே நேரத்தில் இருந்த ஜூபா, இப்போது ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. எகிப்து கோடைகால நேரத்தை 2023-இல் மீண்டும் கொண்டுவந்தது. மொராக்கோ ஒவ்வோர் ஆண்டும் ரமலான் மாதத்தில் கடிகாரத்தை மாற்றுகிறது. பழைய பட்டியலிலிருந்து எடுத்து எழுதும்போது இவை தப்பிவிடுகின்றன.

இதுவரை சொன்னவை சிறு திருத்தங்கள். தங்கள் அட்டவணையில் என்னை உண்மையாகவே வருத்தியது அல்ஜியர்ஸ்–காசாபிளாங்கா வரிசை. 1,050 கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம் என்று போட்டிருக்கிறீர்கள். தூரம் சரி. ஆனால் அந்த இரண்டு நகரங்களுக்கும் இடையே நேரடி விமானம் இல்லை. அல்ஜீரியாவுக்கும் மொராக்கோவுக்கும் இடையே உள்ள தரை எல்லை 1994 முதல் மூடிக் கிடக்கிறது. விமானப் போக்குவரத்து மட்டும் அதன் பிறகும் நடந்துகொண்டிருந்தது. 2021-இல் இரு நாடுகளின் தூதரக உறவு முறிந்தபின், அந்த ஆண்டு செப்டம்பரில், மொராக்கோவின் பதிவெண் கொண்ட எந்த விமானமும் தன் வான்வெளியில் நுழையக் கூடாது என்று அல்ஜீரியா அறிவித்தது. அதோடு அந்த வழியும் அடைபட்டது. இன்று அல்ஜியர்ஸிலிருந்து காசாபிளாங்காவுக்குப் போக வேண்டியவர், முதலில் எதிர்த்திசையில் கிழக்கே துனிஸுக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, அங்கே காத்திருந்து, பின்னர் மேற்கே 1,600 கிலோமீட்டருக்கு மேல் திரும்பிப் பறக்க வேண்டும். அந்த இரண்டாவது விமானம் மொராக்கோவைச் சேர்ந்ததாக இருந்தால், அல்ஜீரியாவைத் தொடாமல் மத்தியதரைக் கடலின் மேல் சுற்றிக்கொண்டு போகும். இல்லாவிட்டால் ஐரோப்பாவுக்குப் போய் அங்கிருந்து கீழிறங்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து நாடுகள். எல்லையின் இருபுறமும் உறவினர்கள் வாழ்கிறார்கள். ஒரு சாவுக்குப் போய்ச் சேர நினைப்பவருக்கு 'ஒன்றே கால் மணி நேரம்' என்ற எண் எவ்வளவு கொடுமையாக இருக்கும் என்று தயவுசெய்து எண்ணிப் பாருங்கள்.

அடிஸ் அபாபா–அஸ்மாரா வரிசையும் இத்தகையதே. இடைப்பட்ட தூரம் சுமார் 700 கிலோமீட்டர். பறந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். எத்தியோப்பியாவுக்கும் எரித்திரியாவுக்கும் 1998-இல் போர் மூண்டபின் இருபது ஆண்டுகள் அந்த வானில் பயணிகள் விமானம் பறக்கவில்லை. தொலைபேசித் தொடர்புகூட இல்லை. பிரிந்துபோன குடும்பங்கள் ஒருவரையொருவர் பார்க்க வேண்டுமானால் மூன்றாவது நாட்டில்தான் சந்திக்க வேண்டும். 2018 ஜூலை 18 அன்று முதல் விமானம் கிளம்பியபோது, இடம் கேட்டவர்களின் கூட்டத்தால் அடுத்தடுத்து இரண்டு விமானங்களை அனுப்ப நேர்ந்தது. அஸ்மாரா விமான நிலையத்தில் அன்று மக்கள் கட்டித் தழுவி அழுத காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் 2024 செப்டம்பரில் எத்தியோப்பிய விமான நிறுவனம் அந்தச் சேவையை மறுபடியும் நிறுத்த வேண்டிய நிலை வந்தது. ஆகவே 2017, 2019, 2025 என்ற மூன்று ஆண்டுகளில் அச்சிடப்பட்ட மூன்று பட்டியல்களில் 700 கிலோமீட்டர் என்ற எண் மாறாமல் இருக்கும். பயண நேரமோ மூன்றிலும் ஒன்றாக இருக்காது. எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்று குறிப்பிடாத அட்டவணையால் வாசகருக்குப் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

நேரடி விமானம் இருக்கும் இடங்களிலும் வான்வெளி மூடப்பட்டால் பாதை நீண்டுவிடுகிறது. கெய்ரோவுக்கும் நைரோபிக்கும் இடையே சுமார் 3,500 கிலோமீட்டர். அந்த நேர்கோடு சூடானைக் குறுக்கே கடந்து செல்கிறது. 2023 ஏப்ரல் 15 அன்று கார்ட்டூமில் சண்டை தொடங்கியபின் சூடான் வான்வெளி மூடப்பட்டது. வடக்கு–தெற்காகப் பறந்துகொண்டிருந்த விமானங்கள் செங்கடல் பக்கமாகச் சுற்ற வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில், ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் நைஜரும் தன் வான்வெளியை ஏறத்தாழ ஒரு மாதம் மூடி வைத்தது. லிபியாவின் மேல் பறப்பதை ஏற்கெனவே பல நிறுவனங்கள் தவிர்த்து வந்தன. ஒரே சமயத்தில் மூன்று நாடுகளின் வானம் இல்லாமல் போனதால், சகாராவைக் கடக்கும் விமானங்கள் பல நீண்ட பாதையில் சுற்ற வேண்டியதாயிற்று. இதற்கு முன்னும் இப்படி நடந்ததுண்டு. நிறவெறி ஆட்சியைக் கண்டித்து 1960-களில் பல ஆப்பிரிக்க நாடுகள் தென்னாப்பிரிக்க விமானங்களுக்குத் தங்கள் வானத்தை மூடியபோது, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன விமானங்கள் கண்டத்தின் மேற்குப் புடைப்பைக் கடல்வழியே சுற்றிக்கொண்டு, கேப் வெர்டியின் சால் தீவில் எரிபொருள் நிரப்பிச் சென்றன. அந்தச் சுற்றுப்பாதைக்கென்றே நீண்ட தூரம் பறக்கும் போயிங் 747எஸ்பி விமானங்களை அந்நாட்டு நிறுவனம் வாங்கியது. அந்தத் தடை நியாயமானது என்பதே என் கருத்து. நீதிக்காக வானத்தை மூடிய அந்த ஒற்றுமை, மக்கள் போய்வருவதற்காக அதைத் திறப்பதில் இன்றுவரை வரவில்லை என்பதுதான் வேதனை.

ஏன் இப்படி என்று கேட்டால், வேர் பழையது. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வானத்தின் மேல் முழு இறையாண்மை உண்டு என்பதை 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கை உறுதி செய்தது. அதனால் ஒரு நாட்டின் விமானம் இன்னொரு நாட்டில் இறங்கிப் பயணிகளை ஏற்ற, இரு நாடுகளும் தனியாக ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். வாரத்துக்கு எத்தனை விமானம், எந்த நகரம் என்பதெல்லாம் அதில் எழுதப்படும். ஆப்பிரிக்காவில் இந்த ஒப்பந்தங்கள் போடப்படுவதற்கு முன்பே பாதைகள் போடப்பட்டுவிட்டன. அவற்றைப் போட்டவர்கள் லண்டனிலும் பாரிஸிலும் பிரஸ்ஸல்ஸிலும் லிஸ்பனிலும் இருந்தார்கள். 1932-இல் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் கெய்ரோ வழியாகக் கேப் டவுனுக்கு நடத்திய சேவை, தன் குடியேற்ற நாடுகளைத் தலைநகரத்தோடு கோக்க அமைந்தது. பிரிட்டிஷ் அக்ராவையும் பிரெஞ்சு அபிஜானையும் இணைக்கும் தேவை அவர்கள் யாருக்கும் இருக்கவில்லை. விடுதலை பெற்றபின் நாடுகள் தனித்தனிக் கொடிகளோடு தனித்தனி நிறுவனங்களைத் தொடங்கின. சேர்ந்து நடத்திய முயற்சிகளும் நிலைக்கவில்லை: கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் சேர்ந்து நடத்திய ஈஸ்ட் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் 1977-இல் கலைந்தது, பிரெஞ்சு மொழி பேசும் பதினொரு நாடுகள் 1961-இல் உருவாக்கிய ஏர் ஆப்ரிக் 2002-இல் மூடப்பட்டது.

இதை மாற்றவேண்டும் என்பது ஆப்பிரிக்கத் தலைவர்களுக்குத் தெரியாததல்ல. ஐவரி கோஸ்டின் யமுசுக்ரோ நகரில் 1988-இல் ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். 1999-இல் அதே ஊரில், ஆப்பிரிக்க நாடுகளின் விமானங்கள் ஒன்றின் வானில் ஒன்று தடையின்றிப் பறக்கலாம், தன் நாட்டில் தொடங்கும் ஒரு பயணத்தின் நடுவே வேறு இரு நாடுகளுக்கு இடையிலும் பயணிகளை ஏற்றிச் செல்லலாம் என்று முடிவெடுத்தார்கள். பின்னர் 2018 ஜனவரியில், அடிஸ் அபாபாவில், ஆப்பிரிக்க ஒன்றியம் ஒற்றை வான் போக்குவரத்துச் சந்தையை 23 நாடுகளோடு தொடங்கி வைத்தது. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. கையெழுத்துப் போட்ட நாடுகள்கூடத் தம் சொந்த நிறுவனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற அச்சத்தில் அடுத்த நாட்டு விமானத்துக்குக் கூடுதல் அனுமதி தரத் தயங்குகின்றன. அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. சிறிய நாடு ஒன்றின் இரண்டு மூன்று விமானங்கள், பெரிய நிறுவனத்தோடு போட்டியிட்டால் தாங்காது. ஆனால் யாரும் பறக்காத பாதையில் இன்னொருவரைப் பறக்க விடாமல் தடுப்பதால் எந்த நிறுவனமும் பிழைக்கப் போவதில்லை. உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் வாழும் கண்டத்தின் பங்கு, உலக விமானப் போக்குவரத்தில் இரண்டு மூன்று விழுக்காட்டைத் தாண்டவில்லை.

நடைமுறையில் இந்த இடைவெளியை நிரப்புபவை சில மையங்கள்: அடிஸ் அபாபா, நைரோபி, ஜோகன்னஸ்பர்க், காசாபிளாங்கா, கிகாலி, லோமே. இவற்றுள் அடிஸ் அபாபாவே பெரிது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து இரவெல்லாம் பறந்து வந்த விமானங்கள் விடியுமுன் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே இறங்கும். பயணிகள் மறுபடியும் பாதுகாப்புச் சோதனைக்கு வரிசையில் நின்று, இடுப்பு வாரையும் காலணியையும் கழற்றித் தட்டில் வைத்து, தார் எஸ் சலாம், லுசாகா, ஹராரே என்று காலையில் கிளம்பும் விமானங்களுக்குப் பிரிந்து போவார்கள். ஒழுங்காக நடக்கும் ஏற்பாடு அது; அது இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்களின் வேலையே நடக்காது. ஆனாலும் அதற்குக் கொடுக்கும் தூரம் பெரிது. லாகோஸிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு நேராகப் போனால் சுமார் 4,500 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். அன்றைக்கு நேரடி விமானம் கிடைக்காமல் அடிஸ் அபாபா வழியாகப் போனால் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் இந்தப் பயணத்தில் பறக்கும் நேரமே பத்து மணிக்கு மேலாகும். காத்திருப்பையும் சேர்த்தால் பகல் முழுதும் போய்விடும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் விமானம் உள்ள நகரமாக இருந்தால், பறக்கும் நேரத்தைவிட அந்த நாளுக்காகக் காத்திருப்பதே பெரிது.

இணைப்பு விமானத்தில் நேரத்தைத் தின்னும் இன்னொன்று, தாள்கள். இரண்டு பயணங்களும் ஒரே சீட்டில் இருந்தால் பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடும். தனித்தனியாக வாங்கிய சீட்டாக இருந்தால், நடுவில் உள்ள நாட்டின் குடியேற்றச் சோதனையைக் கடந்து வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடியும் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அதற்கு அந்த நாட்டின் விசா வேண்டும். என்னோடு எப்போதும் வரும் அளவீட்டுக் கருவிப் பெட்டியை இப்படி ஒரு நிலையத்தில் எடுத்தபோது, அதை அந்நாட்டில் விற்கப் போவதில்லை என்று சுங்க அதிகாரிக்கு விளங்க வைப்பதற்குள் அடுத்த விமானம் போய்விட்டது. அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெட்டி அங்கே இறங்கியிருக்கவே வேண்டிய தேவை இல்லை என்பதுதான் என் குறை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றும் இப்படித்தான். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே அந்த மஞ்சள் அட்டை செல்லுபடியாகும் (2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுதும் செல்லும்). மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாட்டின் விமான நிலையத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து வருபவர்களிடமும் அந்த அட்டையைக் கேட்கும் நாடுகள் உண்டு. நேராகப் பறந்திருந்தால் தேவைப்படாத அட்டை, சுற்றி வருவதால் தேவைப்படுகிறது.

தூரத்துக்கும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லாத ஓர் இணை, தங்கள் அட்டவணையில் விடுபட்டிருக்கிறது: கின்ஷாசா நகரமும் பிரஸ்ஸாவில் நகரமும். இரண்டும் காங்கோ என்ற பெயர் கொண்ட இரு வேறு நாடுகளின் தலைநகரங்கள், நடுவே காங்கோ ஆறு மட்டும். ஒரு கரையில் நின்றால் மறுகரையின் கட்டடங்கள் தெரியும். வேகப் படகு சில நிமிடங்களில் கடந்துவிடும். ஆனால் பாலம் கிடையாது; கட்டப் போவதாகப் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. கின்ஷாசாவின் ங்கோபிலா படகுத்துறையில் விசாவுக்கும் முத்திரைக்கும் கட்டணத்துக்கும் நின்று முடிப்பதற்குள் முற்பகல் போய்விடுவது சாதாரணம். ஆற்றைக் கடக்கும் நேரத்தை மட்டும் எழுதினால் அந்த இரண்டு ஊர்களைப் பற்றி வாசகருக்கு எதுவும் தெரியாது.

பறக்கும் நேரத்துக்கும் போய்ச்சேரும் நேரத்துக்கும் உள்ள வேறுபாடு, ஆப்பிரிக்க வானின் தொடக்ககால நெடும்பயணம் ஒன்றிலேயே பதிவாகியிருக்கிறது. 1920-இல் பியர் வான் ரைனவெல்ட், குவின்டின் பிராண்ட் என்ற இரு தென்னாப்பிரிக்க விமானிகள் இங்கிலாந்திலிருந்து கெய்ரோ வழியாகக் கேப் டவுனுக்குப் பறந்தார்கள். முதல் விமானம் வாடி ஹல்ஃபாவை நெருங்கும்போது சேதமடைந்தது. இரண்டாவது புலவாயோவில் விழுந்து நொறுங்கியது. மூன்றாவது விமானத்தில்தான் போய்ச் சேர்ந்தார்கள். வானில் இருந்த நேரம் 110 மணிக்கும் சற்றுக் குறைவு. பிப்ரவரி 4 அன்று கிளம்பியவர்கள் இறங்கியது மார்ச் 20. அந்தப் பயணத்தைப் பற்றி எழுதியவர்கள் இரண்டு எண்களையும் சேர்த்தே எழுதினார்கள். ஒன்றை மட்டும் எழுதினால் கதை தெரியாது என்பது அவர்களுக்கு விளங்கியிருந்தது.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். தூரம் என்ற பத்தி அப்படியே இருக்கட்டும். மணிக்கணக்கை வகுத்து எழுதாமல், விமான நிறுவனங்களின் அட்டவணையில் உள்ளபடி எழுதுங்கள். இரண்டு ஊர்களின் நேர வித்தியாசத்தை அதன் அருகிலேயே கொடுங்கள். நேரடி விமானம் உண்டா, இருந்தால் வாரத்தில் எத்தனை நாள் என்று சேருங்கள். நேரடி விமானம் இல்லாத இடத்தில் ஒரு மணிக்கணக்கைப் போடவே வேண்டாம். 'நேரடி விமானம் இல்லை' என்று எழுதி, வழக்கமாக எந்த ஊர் வழியாகப் போகிறார்கள், காத்திருப்போடு சேர்த்து எவ்வளவு நேரமாகும் என்று குறிப்பிடுங்கள். வரைபடத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தாங்கள் அச்சிட்ட உலக வரைபடத்தில் ஆப்பிரிக்காவும் கிரீன்லாந்தும் ஏறத்தாழ ஒரே அளவாகத் தெரிகின்றன; உண்மையில் ஆப்பிரிக்கா பதினான்கு மடங்கு பெரியது. அந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு டாக்காரிலிருந்து நைரோபி 6,200 கிலோமீட்டர் என்பதும், கெய்ரோவிலிருந்து கேப் டவுன் 7,200 கிலோமீட்டர் என்பதும் அச்சுப் பிழையாகவே தோன்றும். பரப்பைச் சரியாகக் காட்டும் வரைபடம் ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

இடப் பற்றாக்குறை இருக்கும் என்பதை அறிவேன். நாற்பது வரிசைகளைப் பதினைந்தாகக் குறைத்தாலும் போதும். அந்தப் பதினைந்தில் அல்ஜியர்ஸ்–காசாபிளாங்காவும் அடிஸ் அபாபா–அஸ்மாராவும் கட்டாயம் இருக்க வேண்டும். அட்டவணையின் கீழே சரிபார்த்த மாதத்தையும் ஆண்டையும் சிறிய எழுத்திலாவது அச்சிடுங்கள். கிழக்கு ஆப்பிரிக்க நகரங்களுக்கான வரிசைகளைச் சரிபார்த்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். மேற்கிலும் தெற்கிலும் வசிக்கும் தங்கள் வாசகர்களும் கேட்டால் உதவுவார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
நைரோபி, கென்யா.